வாடகைக்கு விட்டுப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில் வங்கிக் கடனில் இரண்டாவது வீடு வாங்கி அதை வாடகைக்கு விடும் வழக்கம் இல்லை. இருந்திருந்தால் மூன்றாவதாக 'வாடகைக்கு விட்டுப் பார்' என்று ஒன்றையும் நிச்சயம் சேர்த்திருப்பார்கள்.

நம் சங்கத்துப் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பக்கத்து இலையில் என் நண்பர் ஒருவரின் மகன். ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. குழந்தை எல்.கே.ஜி. போகிறது. தானேயில் ஒரு படுக்கை அறை வீட்டில் 26,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார்கள். பாயசம் வருவதற்குள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஃபிளாட். விலை 80 லட்சம்.

"நாங்க அங்க குடியிருக்கப் போறதில்லை மாமா. வாடகைக்கு விடப்போறோம். வாடகையே தவணையைக் கட்டிடும். இருபது வருஷத்துல வீடு சும்மா நமக்கு."

நான் பதில் சொல்வதற்குள் அவனை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அதே வார்த்தையை, ஏறக்குறைய அதே குரலில், 2013ஆம் ஆண்டில் என் மனைவியிடம் சொன்னவன் நான். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நம் அன்பர்கள் வீடுகளில் இதே யோசனையோடு இருப்பவர்கள் பலர் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

நாம் குடியிருந்த கதை

மும்பைத் தமிழர்களுக்கு வாடகை புதிய விஷயம் அல்ல. நம் தாத்தாக்களும் அப்பாக்களும் மாட்டுங்காவிலும் சயானிலும் வந்து இறங்கியபோது எல்லோருமே குடித்தனக்காரர்கள்தான். பகடி கொடுத்து ஓர் அறையைப் பிடித்துவிட்டால் போதும், பிறகு மூன்று தலைமுறைக்கு அதே வாடகை. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பழைய கட்டடங்களுக்கு 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அளவுகோலாக வைத்தது. அரிசி விலை ஏறியது, ரயில் கட்டணம் ஏறியது, வாடகை மட்டும் ஏறவில்லை. குடியிருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் வாடகைக்கென்று புதிதாகக் கட்டடம் கட்ட யாரும் முன்வரவில்லை. இருந்த கட்டடங்களைச் சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. மழைக்காலத்தில் நம் தலைக்கு மேல் ஒழுகியது அந்தச் சட்டத்தின் இன்னொரு முகம். கடைசியில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அந்த வாடகை அளவுகோல் இனியும் நியாயமானதல்ல என்று சொன்னது. புதிய மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி பழைய குடித்தனக்காரரின் வாடகையும் ஆண்டுக்கு நான்கு சதவீதம் ஏறலாம்.

இதற்கிடையில் 1977இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டது. 1988இல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது. மாதச் சம்பளக்காரனுக்கும் வீட்டுக்கடன் கிடைக்கும் காலம் பிறந்தது. நம்மில் பலர் டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர், நெரூல் என்று சொந்த வீட்டுக்குப் போனது அப்படித்தான். அது நல்ல கடன். குடியிருக்க ஒரு கூரைக்காக வாங்கிய கடன்.

நான் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. குடியிருக்க அல்லாமல், வாடகை வரும் என்ற நம்பிக்கையில், முக்கால் பங்கு கடனில் வாங்கும் வீட்டைப் பற்றி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பெரிய நகரங்களில் வாடகை கடனைக் கட்டாது. பாதியைக்கூடக் கட்டாது.

ஒரு தாளும் பென்சிலும்

அந்தத் தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை 80 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தர மாட்டார்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் அந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனவே கடன் 60 லட்சம், கைப்பணம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவு, வக்கீல், இதர சில்லறை எல்லாம் சேர்த்து இன்னும் 6 லட்சம். ஆக, கையிலிருந்து முதலிலேயே போவது 26 லட்சம்.

60 லட்சத்துக்கு எட்டு சதவீத வட்டி, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 50,200 ரூபாய். முதல் ஆண்டில் கட்டும் 6 லட்சத்துச் சொச்சத்தில் 4 லட்சத்து 75 ஆயிரம் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஒன்றேகால் லட்சம்தான்.

வாடகை எவ்வளவு வரும்? நம் பெருநகரங்களில் ஓர் ஆண்டு வாடகை என்பது பெரும்பாலும் வீட்டு விலையில் இரண்டு முதல் மூன்றரை சதவீதம்தான். 80 லட்சம் ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 கிடைத்தால் அது நல்ல வாடகை. ஆண்டுக்கு ஒரு மாதமாவது வீடு காலியாக இருக்கும் என்று கொண்டால் 2 லட்சத்து 20 ஆயிரம். இதில் சொசைட்டி பராமரிப்பு மாதம் 3,500 வீதம் 42,000. சொத்து வரியும் சில்லறைப் பழுதும் 18,000. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதாவது ஆண்டுக்கு 10,000. மிஞ்சுவது ஒன்றரை லட்சம். மாதத்துக்கு 12,500 ரூபாய்.

தவணை 50,200. கையில் நிற்கும் வாடகை 12,500. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மீதி 37,700 ரூபாயை ஒவ்வொரு மாதமும் அந்தத் தம்பியும் அவன் மனைவியும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும், தானே வீட்டுக்கு 26,000 வாடகை கொடுத்தபிறகு.

இன்னொன்றும் பாருங்கள். கையிலிருந்து போன 26 லட்சத்தை ஆறரை சதவீத வட்டிக்கு வங்கி டெபாசிட்டில் போட்டிருந்தால் மாதம் 14,000 ரூபாய் வரும். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் 80 லட்சம் வீடு மொத்தமாகக் கொடுப்பதே 12,500 எனும்போது, முன்பணம் மட்டுமே அதைவிட அதிகம் சம்பாதித்திருக்கும். குழாய் ஒழுகுகிறது என்று எந்த டெபாசிட்டும் இரவு பத்து மணிக்குப் போன் செய்வதில்லை.

"வாடகை ஏறிக்கொண்டே போகுமே?" என்று கேட்பார்கள். ஏறட்டும். ஆண்டுதோறும் தவறாமல் ஐந்து சதவீதம் ஏறினால், மாத வாடகை தவணைத் தொகையை எட்டிப் பிடிக்கப் பத்தொன்பது ஆண்டு ஆகும். கடனோ இருபதாம் ஆண்டில் முடிகிறது.

என் கதை

இவ்வளவு கணக்குச் சொல்கிறவன் அன்று ஏன் கோட்டை விட்டான் என்று கேட்கலாம். நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு உழைத்தவன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதியவன். என் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதாமல் விட்டேன்.

2013ஆம் ஆண்டு தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினேன். விலை 36 லட்சம். அதில் கடன் 27 லட்சம், வட்டி பத்தரை சதவீதம், பதினைந்து ஆண்டு. பதிவு, கார் நிறுத்தும் இடம், இன்னபிற சேர்த்துக் கையிலிருந்து போனது 13 லட்சம். "ஒரு வருஷத்தில் சாவி, 15,000 ரூபாய் வாடகை நிச்சயம்" என்றார் பில்டரின் ஆள். ஊர்ப்பக்கம் ஒரு சொத்து இருந்தால் ஓய்வுக்குப் பிறகு போய் உட்காரலாம் என்ற ஆசையும் இருந்தது. சொந்த மண் என்றால் நமக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறும்.

சாவி 2015 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை பில்டருக்குப் போன கடன் தொகைக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். அது ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம். அப்புறம் முழுத் தவணை மாதம் 29,800. வாடகை 15,000 அல்ல, 9,000. அந்த விலைக்கே மூன்று மாதம் ஆள் தேட வேண்டியிருந்தது, ஏனென்றால் அதே வளாகத்தில் என்னைப் போலவே வாடகைக்கு விடக் காத்திருந்தவர்கள் ஐம்பது பேர்.

2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் வீடு முதல் மாடி, தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கி, மோட்டாரும் லிஃப்டும் போய், குடியிருந்த குடும்பம் கைக்குழந்தையோடு காலி செய்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த நான்கு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. டோம்பிவிலியில் உட்கார்ந்துகொண்டு தாம்பரத்து மோட்டாரைப் போனிலேயே பழுது பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விடுப்புப் போட்டு, ரயில் டிக்கெட் எடுத்து, மைத்துனர் வீட்டில் தங்கி, பெயின்ட் அடித்து ஆள் வைத்துவிட்டு வருவேன். அந்தச் செலவுகளை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. 2020 ஊரடங்கில் அப்போது குடியிருந்தவருக்கு வேலை போயிற்று. மூன்று மாதம் வாடகை கேட்க எனக்கு மனசு வரவில்லை. என் தவணையைக் கேட்க வங்கிக்கு மனசு வந்தது. அப்போது தவணையைத் தள்ளிப்போட ஒரு சலுகை கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதங்களின் வட்டி கடனோடு சேரும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

இந்த ஆண்டுகளில்தான் என் பெண் இன்ஜினியரிங் படித்தாள். அவள் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கினேன். ஒரு படுக்கை அறை வீட்டிலிருந்து கொஞ்சம் பெரிய வீட்டுக்குப் போகலாம் என்று இருந்த திட்டம் தள்ளிப் போயிற்று. அவள் ஹாலில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து நள்ளிரவு வரை படித்தாள். எங்கோ இரண்டு படுக்கை அறை வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் 9,000 ரூபாயில் வசதியாக இருந்தார். அந்த வசதிக்கு மீதிப் பணத்தை நான் கொடுத்தேன். என் மனைவி ஒருநாள் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நாமதான் வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம்."

2021 நடுவில் 42 லட்சத்துக்கு விற்றேன். கடன் பாக்கி 18 லட்சம் போல இருந்தது. அன்று இரவு முதல்முறையாக உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதினேன். கையிலிருந்து போனது ஏறக்குறைய 39 லட்சம். வாடகை, வரிச் சலுகை, விற்றதில் மிஞ்சியது எல்லாம் சேர்த்து வந்தது 31 லட்சம். எட்டு ஆண்டு, எட்டு லட்சம். இதில் போட்ட பணத்துக்கு வட்டி சேர்க்கவில்லை. 'விலை 36, விற்றது 42, ஆறு லட்சம் லாபம்' என்றுதான் உறவினர்கள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை. இன்று இங்கே சொல்லிவிட்டேன்.

வட்டியும் வரியும்

என் காலத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கலாம் அல்லவா? இரண்டு விஷயத்தில் மாறியிருக்கிறது. இரண்டும் வாங்குகிறவருக்குச் சாதகமாக இல்லை.

முதலாவது வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. அது இறங்கினால் நம் வட்டியும் இறங்கும், ஏறினால் ஏறும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ நான்கு சதவீதத்திலிருந்து ஆறரைக்கு ஏறியது. 2021இல் ஆறேமுக்கால் சதவீதத்துக்கு 60 லட்சம் வாங்கியவரின் தவணை 45,600 ரூபாய். வட்டி ஒன்பதேகால் ஆனபோது மாத வட்டி மட்டுமே 45,000 அளவுக்கு வந்துவிட்டது. தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை மட்டும் நீட்டிக்கொண்டார்கள். கட்டக் கட்டக் கடன் குறையவே இல்லை. பலருக்கு அது தெரியக்கூட இல்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, ஆண்டை நீட்டுவதா என்பதை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025இல் ரெப்போ மறுபடி இறங்கியதில் பலர் மூச்சு விட்டார்கள். இருபது ஆண்டுக் கடனில் இப்படி ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். வாடகைக்கு வந்தவரிடம் போய், "ரெப்போ ஏறிவிட்டது, வாடகையை ஏற்று" என்று கேட்க முடியுமா?

இரண்டாவது வருமான வரி. "நஷ்டம் காட்டினால் வரி மிச்சம்" என்று நம் சங்கத்திலேயே ஒரு காலத்தில் யோசனை சொன்னவர்கள் உண்டு. அன்று அது சரி. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டி நஷ்டம் முழுவதையும் சம்பளத்தில் கழிக்க முடிந்தது. 2017-18 நிதியாண்டிலிருந்து அப்படிக் கழிக்கும் தொகைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று உச்சவரம்பு வந்தது. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை ஆகிவிட்டது. அதில் இருப்பவர், வட்டியை வாடகை வருமானம் வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ள நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியே இல்லை. ஆகவே பழைய யோசனையை இன்று யாராவது சொன்னால், அவர் எந்த முறையில் வரி கட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

லாபம் கண்டவர்கள் இல்லையா?

உண்டு. 1980களில் செம்பூரிலும் முலுண்டிலும் சில லட்சங்களுக்கு வாங்கிப் போட்டவர்கள் இன்று கோடீஸ்வரர்கள். அவர்களைக் காட்டித்தான் நமக்கு ஆசை காட்டுகிறார்கள். ஆனால் அவர்களைப் பணக்காரர் ஆக்கியது நிலத்தின் விலையேற்றம். வாடகை அல்ல. நம் கணக்கில் வீட்டுக்குப் போட்ட 86 லட்சத்துக்குக் கையில் நிற்கும் வாடகை ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் சதவீதம். கடன் வட்டி எட்டு. இடையிலுள்ள ஆறேகால் சதவீதத்தை ஆண்டுதோறும் விலையேற்றம் ஈடு கட்டினால்தான் கடன் வாங்கியதற்கே நியாயம் உண்டு. அதற்கு மேல் ஏறினால்தான் லாபம். ஏறலாம். ஏறாமலும் போகலாம். இதைப் பந்தயம் என்று சொல்லிக்கொண்டு செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'வாடகை வருமானம்' என்ற பெயரில் செய்யாதீர்கள்.

"கடன் இருந்தால்தான் சார் நான் சேமிப்பேன், இல்லாவிட்டால் செலவாகிவிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டாயச் சேமிப்புக்கு அஞ்சலக ஆர்.டி.யும் பி.பி.எஃப்.பும் இருக்கின்றன. அவற்றில் ஒரு மாதம் கட்டாவிட்டால் சிறு அபராதத்தோடு போகும். வீட்டுக் கடனில் தொடர்ந்து கட்டாவிட்டால் வீடே ஏலத்துக்கு வரும்.

கடனில்லாத வீட்டின் வாடகை வேறு விஷயம். பூர்வீக வீடு, ஓய்வுப் பணத்தின் ஒரு பகுதியில் வாங்கிய சின்ன வீடு, கடன் அடைத்து முடித்த பழைய ஃபிளாட் போன்றவற்றின் வாடகை முதுமைக்குப் பென்ஷன் மாதிரி. கணவனை இழந்த எத்தனையோ தாய்மார்கள் இந்த நகரில் அந்த வாடகையால் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் கௌரவமாக வாழ்கிறார்கள். கூடாது என்று நான் சொல்வது வாடகையை நம்பி வாங்கும் கடனைத்தான்.

செய்வதானால்

அப்படியும் ஆசை விடாது என்றால் சில யோசனைகள். விலையில் பாதியாவது கைப்பணமாக இருக்கட்டும். கட்டி முடித்து, குடிபுகும் சான்றிதழ் வாங்கிய வீட்டையே வாங்குங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சாவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆறு மாதத் தவணையைத் தனியாக டெபாசிட்டில் போட்டு வையுங்கள். வீடு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன வீடு, தூரத்துப் பெரிய வீட்டைவிடச் சீக்கிரம் வாடகைக்குப் போகும். மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பவர்களிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லிருந்தே விதி இருக்கிறது. எனவே போனஸ் வந்தால் நகைக் கடைக்குப் போகும் முன் கடன் கணக்குக்குப் போங்கள்.

வீடு கையில் இருந்தால் பூட்டி வைக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. மும்பையில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம். 'குடிவைத்தால் கிளம்ப மாட்டார்கள்' என்ற பழைய பயம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயத்துக்கு இன்று மருந்து உண்டு. மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அது வீட்டுக்காரரின் பொறுப்பு. பதிவு செய்யாமல் பிறகு தகராறு வந்தால், குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே உண்மை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவு செய்திருந்தால், காலம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யாதவரிடம் இரட்டிப்புத் தொகை கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஊரில் வீடு விட்டிருப்பவர்கள் பலர் இதை இன்னும் செய்யவில்லை. இங்கே சொசைட்டியில் வீட்டை வாடகைக்கு விட்டால் வாங்கும் நான்-ஆக்குபன்சி கட்டணம் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2001லேயே அரசு உத்தரவு இருக்கிறது. அதிகம் கேட்டால் உத்தரவைக் காட்டுங்கள்.

இன்னொன்று. 'மதராசிக்கு வீடு இல்லை' என்று கதவடைக்கப்பட்ட அனுபவம் நம் பெரியவர்கள் பலருக்கு உண்டு. இன்று வீட்டுக்காரர்களாக ஆன நாம், வருகிறவனின் ஊரையும் சாதியையும் சாப்பாட்டையும் விசாரித்துவிட்டுத்தான் சாவி கொடுப்போம் என்றால் அது அழகல்ல. வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்ற இரண்டு கேள்வி போதும்.

வாடகைக்கு இருப்பது குறையா?

கடைசியாக அந்தத் தம்பிக்கு. நான் போட்ட கணக்கைத் திருப்பிப் பார். வீட்டுக்காரனுக்கு நஷ்டம் என்றால் குடியிருப்பவனுக்கு லாபம் என்றுதானே அர்த்தம்? இன்று நீ தானேயில் 26,000 கொடுத்து இருக்கும் வீட்டைக் கடனில் வாங்கினால் தவணை எவ்வளவு ஆகும் என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார். அவர் உனக்கு மாதா மாதம் உதவி செய்துகொண்டிருக்கிறார். வாங்கிக்கொள். வெட்கப்படாதே.

நம் சமூகத்தில் வாடகை வீட்டில் இருப்பது ஒரு குறையாகிவிட்டது. பெண் பார்க்கப் போனால் "சொந்த வீடா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பாதிப் பேர் கடனாளி ஆகிறார்கள். அந்த 26 லட்சத்தையும், மாதம் 37,700ஐயும் வேறு இடத்தில் சேர்த்து வந்தால், உன் குழந்தை பத்தாவது வருவதற்குள் இந்த ஊரிலேயே நீ குடியிருக்க ஒரு வீட்டுக்குப் பாதிப் பணமாவது கையில் இருக்கும். அப்போது கடன் வாங்கு, நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அந்த வீட்டில் உன் பெண் தனி அறையில் உட்கார்ந்து படிப்பாள்.

என் பெண் இன்று வேலைக்குப் போய்விட்டாள். கல்விக் கடனையும் அவளே அடைத்துவிட்டாள். மடக்குக் கட்டில் இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. யாராவது வீட்டு விளம்பரத்தோடு வந்தால் நான் அவர்களை அதில்தான் உட்காரச் சொல்கிறேன்.

மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள், குறிப்பாக வாடகையாலேயே கடனை அடைத்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த இதழுக்கு எழுதுங்கள். எல்லாச் செலவையும் சேர்த்த முழுக் கணக்கோடு எழுதுங்கள்.